அமெரிக்க மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் பின்னணி என்ன? எழுத்தைத் தவிர அவருக்கு வேறு என்னென்ன ஈடுபாடுகள் இருந்தன?

இந்தக் கேள்விக்கு அவருடைய பெற்றோரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1929-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். கலிஃபோர்னியப் பூர்வகுடிகளான யாஹி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட இஷியோடு பழகி, அவருடைய மொழியையும் வாழ்க்கையையும் பதிவு செய்தவர். அந்த இஷியின் கதையைப் பிற்பாடு புத்தகமாக எழுதியவர் அம்மா தியோடோரா. ஆய்வாளர்களும் பூர்வகுடி நண்பர்களும் வந்துபோகும் வீடு அது. ஒரு சமூகம் எதை நம்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த பெண் அவர். அவர் படைத்த உலகங்களுக்கு இவ்வளவு நம்பகத்தன்மை வந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகைப் பற்றி 1968-இல் வந்த அவருடைய நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். வெள்ளைத்தோல் வீரர்களே நிறைந்திருந்த மிகுபுனைவில் அது துணிச்சலான முடிவு. பின்னர் வந்த தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளையனாக மாற்றியபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

படித்தது பிரெஞ்சு இலக்கியம். 1953-இல் பிரான்சுக்குப் போகும் கப்பலில் வரலாற்று மாணவரான சார்லஸைச் சந்தித்து, அதே ஆண்டு பாரிஸில் மணந்தார். அப்புறம் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் குடியேறி, மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதினார்.

எழுத்துக்கு வெளியே அவர் மிகவும் நேசித்தவை, சமநிலையைப் போற்றும் பண்டைய சீனத் தாவோ தத்துவமும் பூனைகளும். அந்தத் தத்துவத்தின் மூலநூலான, லாவோ ட்சுவின் ‘தாவோ தே ஜிங்’குக்காகப் பல்லாண்டு உழைத்து, 1997-இல் தன் ஆங்கில வடிவத்தை வெளியிட்டார். எர்த்ஸீயின் மந்திரவாதிகள் சமநிலை குலையாமல் காக்கத் தவிப்பதை வாசித்தால் அந்த ஈடுபாட்டின் ஆழம் தெரியும். பூனைகளைப் பற்றி, சிறகு முளைத்த பூனைகள் உட்பட, குழந்தைகளுக்காக நிறைய எழுதியிருக்கிறார். வரைவதிலும் ஆர்வம் இருந்தது. எர்த்ஸீ தீவுகளின் வரைபடம் அவரே வரைந்தது.