குரல்கள் நின்ற பிறகு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நரம்பியலாளர் பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிச் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். குரங்குகளின் நினைவை ஆராய்ந்த அவர், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயின் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்று புரிந்துகொண்டேன். என் அண்ணனுக்கு 11 ஆண்டுகளாக அந்த நோய் இருக்கிறது. மாத்திரைகளால் அவருக்குக் கேட்டுவந்த குரல்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன. ஆனால் நான்கு பொருட்கள் வாங்கிவரச் சொன்னால் ஒன்றோடு திரும்புகிறார்; சில நாட்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறார். அதே அண்ணன், பத்தாம் வகுப்பில் தன்னோடு படித்தவர்களின் பெயர்களை இனிஷியலோடு வரிசையாகச் சொல்கிறார். இதை மறதி என்று எப்படிச் சொல்வது? அப்பா சோம்பல் என்கிறார். அம்மா மாத்திரையின் வேலை என்கிறார்; நிறுத்திப் பார்க்கலாமா என்றும் கேட்கிறார். மனநோய்க்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை விளக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அம்மாவின் கேள்வி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்ப வருகிறது என்பது பல ஆண்டு ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. நான் மருத்துவன் அல்லன். இதற்கு மேல் அண்ணனின் மருந்தைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர்தான்.

அடுத்து, என் கட்டுரை தந்த ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். கோல்ட்மன்-ராகிச் மனச்சிதைவின் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அதை இன்றுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் செய்தது, உங்கள் அண்ணன் கடை வாசலில் நிற்கும் அந்தக் கணத்தில் மூளையின் எந்தப் பகுதியில் என்ன தவறுகிறது என்று கேட்கக்கூடிய நிலைக்கு அறிவியலைக் கொண்டுவந்தது.

பள்ளித் தோழர்களின் பெயர்களும் வாங்க வேண்டிய நான்கு பொருட்களும் ஒரே நினைவில் இருப்பவை அல்ல. முன்னது நெடுங்கால நினைவு. பின்னதைச் செயல்நினைவு என்கிறார்கள். கண்ணெதிரே இல்லாத ஒன்றைச் சில நொடிகள் மனத்தில் பிடித்துவைத்து, அதைக்கொண்டு அடுத்த காரியத்தைச் செய்வதற்கான நினைவு அது. இவ்விரண்டும் தனித்தனியே பழுதுபடும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் பகுதி பெருமளவு அகற்றப்பட்ட பின், சொன்ன எண்களை உடனே திருப்பிச் சொல்ல அவரால் முடிந்தது. ஆனால் சற்று முன் பேசிக்கொண்டிருந்தவரையே அவருக்கு நினைவிருக்கவில்லை. அண்ணனின் நிலை ஏறக்குறைய இதற்கு மறுதலை. ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், மனச்சிதைவில் புதியவற்றைக் கற்று நினைவில் இருத்துவதும் பலருக்குக் குறைகிறது. நோய்க்கு முன்பு ஆழப் பதிந்தவை அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை.

செயல்நினைவின் இருப்பிடத்தைத் தேடும் கதை 1930களில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. கார்லைல் ஜேக்கப்சன் என்பவர் இரண்டு குழிகளில் ஒன்றில் குரங்கு பார்க்கும்படி உணவை வைத்து, இரண்டையும் மூடி, நடுவே திரையை இறக்கிச் சில நொடிகள் கழித்துத் தூக்குவார். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்புறணி அகற்றப்பட்ட குரங்குகளால், திரை இறங்கிய அந்தச் சிறு பொழுதைத் தாண்டி உணவின் இடத்தைக் கொண்டுசெல்ல முடியவில்லை. ஆனால் உலகம் கவனித்தது வேறொன்றை. அறுவைக்கு முன் தவறு செய்தாலே கத்திப் புரண்ட பெக்கி என்ற சிம்பன்சி, அறுவைக்குப் பின் சாந்தமாகிவிட்டது. 1935இல் லண்டன் மாநாட்டில் இது சொல்லப்பட்டபோது போர்ச்சுகல் நாட்டு நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் அங்கிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மனநோயாளிகளின் முன்மூளையில் அறுவையைத் தொடங்கினார். அந்த எண்ணம் அவருக்குப் பெக்கியிடமிருந்துதான் வந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், அமைதியானதைப் பேசிய அளவுக்கு, அமைதியான விலங்கு எதை இழந்திருந்தது என்பதை அன்று எவரும் பேசவில்லை.

கோல்ட்மன்-ராகிச் அந்த இழப்பை எடுத்துக்கொண்டார். 1979இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், குரங்கின் முன்மூளைப் புறணியில் எதையும் வெட்டாமல் டோபமின் என்ற வேதிப்பொருளை மட்டும் குறைத்தாலே, புறணியை அகற்றியதற்கு நிகரான மறதி வருகிறது என்று காட்டினார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு ஷிண்டாரோ ஃபுனஹாஷி, சார்ல்ஸ் புரூஸ் ஆகியோருடன் அவர் செய்த சோதனை என் பார்வையில் அத்துறையின் மிக அழகான சோதனைகளில் ஒன்று. குரங்கு திரையின் நடுப்புள்ளியைப் பார்த்திருக்கும்போது, சுற்றியுள்ள எட்டு இடங்களில் ஒன்றில் ஒரு சிறு சதுரம் அரை நொடி தோன்றி மறையும். சில நொடிகள் கழித்து நடுப்புள்ளி அணைந்ததும், சதுரம் இருந்த இடத்தை நோக்கிக் குரங்கு கண்ணைத் திருப்ப வேண்டும். திரையில் எதுவும் இல்லாத அந்த இடைவேளை முழுவதும் சில நரம்பணுக்கள் விடாது துடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வோர் அணுவும் தனக்குரிய திசைக்கே துடித்தது. துடிப்பு இடையில் தளர்ந்த முறைகளில் குரங்கு தவறிவிட்டது. அத்துடிப்பு உண்மையில் இடையறாததா, விட்டுவிட்டு வெடிப்பதா என்று பிற்காலத்தில் விவாதம் எழுந்தது. இடைவேளையின்போது அப்பகுதி எதையோ தாங்கி நிற்கிறது என்பதில் ஐயம் எழவில்லை.

இதை மனிதர்களிடம் கொண்டுவந்தவர்கள் சோஹி பார்க்கும் பிலிப் ஹோல்ஸ்மனும். 1992இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், புள்ளி கண்ணெதிரே இருக்கும்வரை மனச்சிதைவு உடையவர்கள் தடுமாறவில்லை. அது மறைந்து இடைவெளி வந்தபோதுதான் தவறினார்கள். மூன்றாண்டுகள் கழித்து கோல்ட்மன்-ராகிச்சும் சேர்ந்து செய்த ஆய்வில், நோயில்லாத நெருங்கிய உறவினர்களிடமும் இக்குறை மெலிதாகத் தென்பட்டது. உங்கள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது. சோம்பேறிக்குப் புள்ளி தெரிந்தால் என்ன, மறைந்தால் என்ன? மாத்திரையே விழுங்காத உறவினருக்கு இக்குறை எங்கிருந்து வந்தது?

ஆயினும் அம்மாவின் ஐயம் முற்றிலும் தவறில்லை. குரல்களை அடக்கும் வழக்கமான மருந்துகள் நரம்பணுக்களில் டோபமின் வந்து பற்றும் இடங்களான ஏற்பிகளில் டி2 வகையைத் தடுக்கின்றன; செயல்நினைவு பெரிதும் சார்ந்திருப்பது டி1 வகையை. 2000இல் கோல்ட்மன்-ராகிச்சின் குழு, அத்தகைய மருந்துகளில் ஒன்றான ஹாலோபெரிடாலைப் பல மாதங்கள் பெற்ற குரங்குகளின் செயல்நினைவு குறைவதையும், டி1 ஏற்பியைத் தூண்டும் மருந்தைச் சில நாட்கள் கொடுத்ததும் அது மீள்வதையும் காட்டியது. மனிதர்களுக்கு அப்படியொரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. நீங்கள் மருத்துவரிடம் கேட்கக்கூடிய ஒன்று உண்டு. கை நடுக்கத்துக்காகவும் உடல் விறைப்புக்காகவும் சேர்த்துத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் நினைவை மழுங்கச் செய்யக்கூடியது. அது அண்ணனின் சீட்டில் இருக்கிறதா, இருந்தால் இன்னும் தேவைதானா என்று கேளுங்கள்.

நினைவுக்கும் பித்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தீர்கள். உள்ளே ஏந்திய எண்ணத்தால் வழிநடத்தப்படும் மனம், அந்தப் பிடி தளரும்போது, அக்கணத்தில் எதிர்ப்படுவதன் பின்னால் போகிறது என்பது கோல்ட்மன்-ராகிச்சின் கருத்து. பேச்சு தடம்புரள்வதை இது நன்றாகவே விளக்குகிறது. நம் மொழியில் எழுவாயை முதலில் சொல்லி, எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, வினைமுற்றைக் கடைசியில் வைக்கிறோம். இந்தச் சொற்றொடரைப் போல நீண்ட ஒன்றைச் சொல்பவரும் கேட்பவரும், தொடங்கியது எது என்பதை முடியும்வரை கைவிடாமல் வைத்திருக்க வேண்டும். அது நழுவினால் வந்து முடியும் வினை யாருடையது? ஆனால் குரல்களை இந்த ஒரு கருத்தால் விளக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. குரல்கள் மருந்துக்கு அடங்கிய பிறகும் மறதி எஞ்சி நிற்பதே, இரண்டின் வழிகளும் ஓரளவேனும் வேறு என்பதைக் காட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்நோய்க்கு இட்ட பெயரின் பொருள் ஏறத்தாழ ‘இளமையிலேயே வரும் அறிவுமழுக்கம்’. 1908இல் ஆய்கன் புளூலர் அதை மாற்றி வைத்த பெயரைத்தான் நாம் மனச்சிதைவு என்று தமிழாக்கியிருக்கிறோம். கிரேப்பலின் நோயாளிகளின் எதிர்காலத்தைப் பற்றி அளவுக்கு மீறி நம்பிக்கையிழந்திருந்தார். அப்பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் நடுவில் வைத்த அறிவுக்குறை, 1952இல் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து வந்து குரல்கள் அடங்கத் தொடங்கியதும் ஓரத்துக்குப் போய்விட்டது. ஒருவர் வேலைக்குப் போவாரா, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வாரா என்பதைக் குரல்களைவிட நினைவும் கவனமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்று மைக்கேல் கிரீன் 1996இல் தொகுத்துக் காட்டிய பிறகே மருத்துவ உலகின் பார்வை மெல்லத் திரும்பியது. கோல்ட்மன்-ராகிச் 2003 ஜூலையில், கனெக்டிகட்டில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி, தமது 66ஆம் வயதில் இறந்தார். அவர் தொடங்கிவைத்த டி1 மருந்துத் தேடல் இன்னும் முடியவில்லை.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. சோஹி பார்க், ஹோல்ஸ்மன் இருவரும் செய்த சோதனையிலேயே அது இருக்கிறது. புள்ளி கண்ணெதிரே இருந்தால் அவர்கள் தடுமாறவில்லை. அண்ணனிடம் நான்கு பொருட்களையும் வாயால் சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு தாளில் வரிக்கு ஒன்றாக, பெரிய எழுத்தில் எழுதி, சட்டைப்பையில் வைக்காமல் கையில் கொடுங்கள். வாங்கியதை அவரே அடித்துக்கொண்டு வர ஒரு பேனாவும் கொடுங்கள்.