மைதானத்தில் யார் பார்க்க உட்கார்ந்தோம்?

அன்புள்ள ஐயா,

மும்பை தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு சாலில், அதாவது வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளில் ஒன்றில், வசிக்கிறேன். எங்கள் வரிசைக்குக் காலையில் ஒரு மணி நேரம் வந்துகொண்டிருந்த குழாய்த் தண்ணீர் ஓராண்டாக இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. மனு கொடுத்து அலுத்துப்போய், நாற்பது பேர் போலீஸ் அனுமதி வாங்கி, போராட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆசாத் மைதானத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை; ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். சயானில் தண்டவாளத்தில் இறங்கினால் பத்து நிமிடத்தில் பேச வருவார்கள் என்கிறார்கள் எங்கள் பையன்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பையன்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 2018 மார்ச் 20 அன்று காலை, ரயில்வேயில் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு நிரந்தர வேலை கேட்ட இளைஞர்கள் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்து, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வண்டிகளை நிறுத்தினார்கள். பேச ஆள் வந்தது. தடியடியும் கல்வீச்சும் கூடவே வந்தன. வண்டியை விட்டுக் குதித்துத் தண்டவாளத்தோரமாக நடந்த கூட்டத்தில் நானும் ஒருவன். அவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என்னோடு நடந்த எவரும் கேட்கவில்லை. அரை நாள் சம்பளம் பிடிப்பார்களா என்பதே பேச்சாக இருந்தது. அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பதே எனக்கு மறுநாள் செய்தித்தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு இதே நகரம் வேறொன்றைப் பார்த்தது. கடன் தள்ளுபடியும், தாங்கள் உழுதுவரும் வன நிலத்துக்குப் பட்டாவும் கேட்டு மார்ச் 6 அன்று நாசிக்கிலிருந்து கிளம்பிய விவசாயிகள், அவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள், ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து, 11ஆம் தேதி ஞாயிறன்று சயான் அருகேயுள்ள சோமையா மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். திங்கட்கிழமை காலையில் ஊருக்குள் நடப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. சாலை அடைபட்டால் பிள்ளைகள் தேர்வுக்குப் போக முடியாது என்று, பகலெல்லாம் நடந்த கால்களோடு நள்ளிரவுக்குப் பின் மறுபடி எழுந்து நடந்து, விடிவதற்குள் ஆசாத் மைதானத்தை அடைந்துவிட்டார்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒருவர் இருக்கிறார். மோர்ச்சா, அதாவது கண்டன ஊர்வலம், என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். அவருடைய மகள் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அன்றிரவு அவர் வீட்டிலிருந்த பழைய செருப்புகளையெல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தார். உள்ளங்கால் தோல் உரிந்து, கந்தையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையால் கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம் ஒரு ஜோடியை நீட்டினார். வீங்கிய காலில் அது நுழையவில்லை. வாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பையின் நாடாவைக் கிழித்து, செருப்பின் அடித்தோலை மட்டும் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மராத்தி அவருக்குச் சுமாராகத்தான் வரும். அந்த அம்மாவும் அதிகம் பேசவில்லை.

அரசு திங்கட்கிழமை மாலைக்குள் எழுத்துமூலம் உறுதி கொடுத்ததற்குக் காரணம், கொப்புளங்களைக் கண்டு மனம் இரங்கியது என்று நான் நம்பவில்லை. நேற்றுவரை போக்குவரத்து நெரிசலுக்காக மோர்ச்சாக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர், பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் வந்து நின்றுவிட்டார். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்பவர், கொடுக்க வேண்டியவர் என்று இரண்டு தரப்பு மட்டுமே இருக்கும்வரை கொடுக்க வேண்டியவருக்கு அவசரமே இல்லை. வேடிக்கை பார்ப்பவரை இழுப்பதற்குத்தான் அமைதி தேவைப்படுகிறது, நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குவதற்கல்ல.

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டபோது, தஞ்சை கலெக்டர் தார்ன், அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். உப்பு வரியைப் பற்றிக் கவலைப்படாத வீட்டுக்காரிக்குக்கூட, வாசலில் பசியோடு வந்தவனுக்குச் சோறு போடாதே என்று ஒரு வெள்ளைக்காரத் துரை சொல்வது பொறுக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். நூறு பேர் நடந்ததை ஊர் ஊராக வீட்டு விவகாரம் ஆக்கியவர் கலெக்டரேதான். இத்தனைக்கும் உப்பு வரி போய்விடவில்லை. 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் கடலோர மக்கள் சொந்தத் தேவைக்கு அள்ளிக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் கிடைத்தது. கேட்டது கிடைக்காமலேயே கேட்டவர்கள் வளர்ந்துவிட்ட போராட்டம் அது.

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை எடுத்துப் பார்த்ததில், வன்முறையற்றவற்றில் 53 சதவீதமும் வன்முறையானவற்றில் 26 சதவீதமும் வென்றதாகக் கண்டார்கள். ஆட்சியை மாற்றவும் அந்நியரை வெளியேற்றவும் நடந்த போராட்டங்கள் அவை. குழாய்த் தண்ணீருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் பையன்களிடம் சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் ஆசாத் மைதானம். அங்கே நீங்கள் யார் பார்க்க உட்கார்ந்தீர்கள்? தண்ணீர் திறப்பவரின் அலுவலகம் உங்கள் வார்டில் இருக்கிறது. பக்கத்திலுள்ள சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர், தினமும் அங்கே தொங்கும் பத்துப் பதாகைகளில் உங்களுடையதை ஏன் படிக்க வேண்டும்? ஒதுக்கப்பட்ட இடம் என்பது பெரும்பாலும் ஒதுக்கிவைக்கப்பட்ட இடம். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, வார்டு அலுவலக வாசலில் காலிக் குடங்களோடு பெண்கள் வந்து நிற்கட்டும். நாற்பது பேரும் ஒரே நாளில் கூலியை இழக்க வேண்டாம். தினம் எட்டுப் பேராகப் பிரிந்தால் ஐந்து நாள் வரும், அதிகாரி ஐந்து நாளும் அந்தக் குடங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தண்ணீர் ஒழுங்காக வரும் பக்கத்து வரிசைக்காரர்களிடம் முன்பே பேசுங்கள். தங்கள் பங்கைப் பிடுங்கத்தான் நீங்கள் கிளம்பியிருக்கிறீர்கள் என்று அவர்கள் பயந்தால், உங்களுக்கு எதிரான முதல் மனு அவர்களிடமிருந்துதான் போகும்.

எழுதிக் கொடுத்ததோடு காரியம் முடிந்துவிடாது. அந்த விவசாயிகளே வாக்குறுதி நிறைவேறவில்லை என்று 2019 பிப்ரவரியில் மறுபடி கிளம்பினார்கள். 2023 மார்ச்சில் இன்னொரு முறை நடந்தார்கள். ஆகவே குடம் தூக்குமுன் ஒரு நோட்டு போடுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று வீட்டுக்கு ஒரு நாள் முறைவைத்துக் குறிக்கட்டும். தண்டவாளத்தில் இறங்கத் துடிக்கும் பையனிடமே அந்த நோட்டைக் கொடுங்கள். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.