அப்பலாச்சியன் ட்ரெயிலில் ஒரு நாள் எப்படிப் போகும்? மாதக்கணக்கில் நடந்தால் சலிக்காதா?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஆறு மாதம் விடுப்பு எடுத்து முழுப் பாதையையும் நடக்க ஆசையாக இருக்கிறதாம், அது தனக்குச் சரிப்பட்டு வருமா என்று. நான் முழுப் பாதையையும் நடந்தவன் இல்லை. ஜார்ஜியாவில் தொடங்கி வர்ஜீனியா எல்லை வரை தெற்குப் பகுதியை மட்டும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில், ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் போகும் பாதை இது. முழுவதும் நடக்க ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். வழிநெடுக மரங்களில் சுமார் 5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்தில் வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும், வழி தவறுவது அபூர்வம்.

மலை, காடு, சூரிய உதயம் என்று கற்பனை செய்துகொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறோம். ஆனால் அங்கே நாள் முழுக்க நடப்பது சுத்தமான குடித்தனம். தண்ணீர் பிடி, அடுப்பு பற்றவை, ஈரத்தைக் காயப்போடு, பையைக் கட்டு. வர்ஜீனியா மாதிரி இடங்களில் மணிக்கணக்காக இருபுறமும் இலைதான், வேறு எதுவும் தெரியாது. அந்தப் பாதையையே ‘பச்சைச் சுரங்கம்’ என்றுதான் கேலியாகச் சொல்வார்கள்.

காலையில் முதல் வேலை வெளிச்சம் வந்ததும் தானாக விழித்துக்கொள்வது. அலாரம் தேவையே இல்லை, ஏனென்றால் இரவு ஒன்பது மணியே அங்கே நள்ளிரவுக் கணக்கு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கு மலைகளில் இரவு உறைபனி விழும். தண்ணீர் ஃபில்டர் ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய குழல்கள் வெடித்துவிடலாம், வெடித்தது வெளியே தெரியவும் தெரியாது. அதனால் ஃபில்டரையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டுதான் தூங்குவோம். அப்புறம் ஈரக் காலுறை. உலர்ந்த ஜோடி ஒன்று பையில் இருக்கும், ஆனால் அது தூங்கும்போது போட மட்டும். நேற்று நனைந்ததையே, பிழிந்தால் இன்னும் சொட்டும் நிலையில், காலில் இழுத்து மாட்ட வேண்டும். குளிரில் அது பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நகராது. பத்து நிமிடம் நடந்தால் சூடாகிவிடும் என்று தெரியும். தெரிந்தும் மனசு வராது.

முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 13, 15 கிலோமீட்டர் போனாலே பெரிது. உடம்பு பழகிய பிறகு 25, 30 என்று போகும். எங்கே நிற்பது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ எடை. ஆகவே ஊற்று கிடைத்த இடத்திலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு, அடுத்த ஊற்று வரைக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் சுமப்பதுதான் வழக்கம்.

பசி தனிக் கதை. சில வாரங்களில் ஒரு அசுரப் பசி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை உணவு சுமந்தாலும் போதாது. அதனால் எதை வாங்கினாலும் எடைக்கு எத்தனை கலோரி என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நூடுல்ஸில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக்கொள்வார்கள், வேர்க்கடலை வெண்ணெயை ஸ்பூனால் அப்படியே சாப்பிடுவார்கள். தனியாக நடக்கும்போது வாழ்க்கையைப் பற்றி யோசிப்பேன் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் பீட்சாவைப் பற்றித்தான் யோசித்தேன்.

இரவு தங்க வழிநெடுக 250க்கும் மேற்பட்ட ஷெல்டர்கள் உண்டு. மூன்று பக்கம் மரச்சுவர், நான்காவது பக்கம் திறந்தவெளி, அவ்வளவுதான். சுண்டெலிகள்தான் நிரந்தரக் குடியிருப்போர். பல இடங்களில் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும், பாதிக் கயிற்றில் காலி டின் ஒன்றைக் கவிழ்த்துக் கோத்திருப்பார்கள், நுனியில் குறுக்காக ஒரு குச்சி. உணவுப் பையைக் குச்சியில் மாட்டினால், கயிறு வழியாக இறங்கும் எலி டின்னைத் தாண்ட முடியாமல் வழுக்கும். இரவு டின் லொட லொடவென்று ஆடும் சத்தம் கேட்டால் எலி முயற்சி செய்கிறது என்று அர்த்தம். கரடி நடமாட்டம் உள்ள இடங்களில் இந்த வித்தை போதாது. உணவை ஷெல்டரை விட்டுத் தள்ளி உயரத்தில் கட்ட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத டப்பாவில் வைக்க வேண்டும்.

கழிவறை பற்றி யாரும் கேட்கத் துணிவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சில ஷெல்டர்களில் மரக் கழிவறை இருக்கும். இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாதையில் அவ்வப்போது பரவும், வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் சரிவர வேலை செய்யாது.

மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை பக்கத்து ஊருக்கு இறங்குவோம். இருக்கிற துணியெல்லாம் வாஷிங் மெஷினில் கிடக்க, மழைக்கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை அங்கே பார்க்கலாம். தங்களுக்கான உணவுப் பார்சலை முன்கூட்டியே தபால் நிலையத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் சனிக்கிழமை மதியம் மூடுவதற்குள் போய்ச் சேர ஓட்டமாக ஓடுவார்கள். விட்டால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

சலிப்பு வருமா? வரும், குறிப்பாக நாலைந்து நாள் விடாமல் மழை பெய்தால். ‘நோ ரெயின், நோ பெயின், நோ மெய்ன்’ (மழையும் வலியும் இல்லாமல் மெய்ன் போய்ச் சேர முடியாது) என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம். ஆனால் அலுவலகச் சலிப்பு மாதிரி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் பலன் அன்று மாலையே கையில் கிடைத்துவிடும். தனிமையும் நினைப்பது போல் இருக்காது. அதே முகங்கள்தான் ஷெல்டருக்கு ஷெல்டர் வந்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர், பலரின் சொந்தப் பெயர் கடைசி வரை தெரியாது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். முழுப் பாதையையும் நடக்கக் கிளம்புகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் முடிக்கிறார். அதனால் விடுப்புக் கடிதம் கொடுக்கும் முன் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குள் போகும் பகுதியை மட்டும் நடந்து பாருங்கள். சுமார் 160 கிலோமீட்டர், ஒரு வாரத்துக்கும் சற்று அதிகமாகும். பூங்காவின் மலைச்சாலை பாதையை அடிக்கடி குறுக்கிடுவதால் முடியாவிட்டால் வெளியேறுவதும் எளிது. காட்டில் தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். கோடையில் போனால் உண்ணி அதிகம், அது கடித்தால் லைம் என்ற பாக்டீரியா நோய் வரலாம். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த துணி போட்டுக்கொள்ளுங்கள், தினமும் மாலை முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள்.