சிவப்பு விளக்கு மீனுக்குத் தெரியும்

கேள்வி: தீனி டப்பாவின் மூடி சிவப்பு. அதை எடுத்தாலே என் தங்கமீன்கள் மேலே ஓடி வருகின்றன. மீனுக்கு நிறம் தெரியும் என்பதற்கு இது போதாதா?

பதில்: போதாது. நிறம் தெரியும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் காட்டும் சாட்சி செல்லாது. டப்பாவின் வடிவத்தைப் பார்த்து வந்திருக்கலாம், உங்கள் கை வரும் திசையைப் பார்த்தும் வந்திருக்கலாம். அந்தச் சிவப்பு வெறும் அடர் சாம்பலாகத் தெரிந்திருந்தாலும் பசித்த மீன் வரத்தான் செய்யும்.

நூறாண்டுக்கு முன்பு இதே வழக்கு ஜெர்மனியில் நடந்தது. கார்ல் வான் ஹெஸ் என்ற கண் மருத்துவர், மீன்களுக்கு நிறமே தெரியாது என்று அடித்துச் சொன்னார். கார்ல் வான் ஃபிரிஷ் என்ற இளைஞர் அதை ஏற்கவில்லை. மின்னோ என்ற சிறு நன்னீர் மீன்களுக்கு ஒரே நிறத்தோடு இரை கொடுத்துப் பழக்கினார். பிறகு அந்த நிறத்தை, வெளிர் சாம்பலிலிருந்து கருஞ்சாம்பல்வரை பல சாயல்களுக்கு நடுவே வைத்தார். வெளிச்சத்தின் அளவை மட்டுமே அறியும் கண் என்றால், ஏதோ ஒரு சாம்பலிடம் ஏமாந்தாக வேண்டும். மீன்கள் ஏமாறவில்லை. (1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதற்கு முக்கியக் காரணம் தேனீக்கள்.)

நீங்களும் செய்து பாருங்கள். ஒரே அளவில் ஒரு சிவப்பு மூடி, பல சாம்பல் மூடிகள். தீனி வாசனை எதிலும் ஒட்டியிருக்கக் கூடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை, தங்கமீனுக்கு நான்கு. நான்காவது வகை, நாம் காணவே முடியாத புற ஊதா ஒளியை அறிகிறது.

கேள்வி: இரவில் சிவப்பு விளக்குப் போட்டால் மீனுக்குத் தெரியாது, உறக்கம் கெடாது என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நண்பர் ஆழ்கடலை உங்கள் தொட்டிக்குள் கொட்டுகிறார். தெளிந்த கடல்நீர் சிவப்பைச் சில மீட்டர்களிலேயே பெருமளவு விழுங்கிவிடும். ஆழத்தில் எஞ்சுவது நீலம். அங்கே வாழும் பெரும்பாலான மீன்களுக்குச் சிவப்பு தெரியாதுதான். இலைதழை ஊறிய ஆற்றிலும் குளத்திலும் கதை தலைகீழ். நீலம் முதலில் மறைகிறது, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. கண்ணும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. நம் பார்வை நிறமி (கண்ணில் ஒளியைப் பிடிக்கும் பொருள்) வைட்டமின் ஏ1-இலிருந்து உருவாகிறது. பல நன்னீர் மீன்கள் அதை ஏ2-ஆக மாற்றிப் பயன்படுத்துகின்றன. அதனால் பார்வை சிவப்புப் பக்கம் நகர்கிறது. நம் சிவப்புக் கூம்பு அதிகம் உணர்வது சுமார் 560 நானோமீட்டர் அலைநீள ஒளியை (எண் கூடக்கூடச் சிவப்புப் பக்கம்). தங்கமீனுடையது ஏறத்தாழ 620. சிவப்பைப் பொறுத்தவரை அது நம்மை மிஞ்சிய கண். சால்மன் மீன் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும்போது ஏ2-இன் பங்கைக் கூட்டிக்கொள்வது எனக்கு என்றும் வியப்பு.

ஆக, அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். மீனின் இரவுக்கு ஏற்ற நிறம் இருட்டு.

கேள்வி: காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் மீன்கள் கண்ணாடியில் மோதுகின்றன. நோயா?

பதில்: நோயில்லை, விளக்குத்தான் காரணம். அவற்றுக்கு இமை கிடையாது. கண்பாவையும் பெரும்பாலான மீன்களில் நம்முடையதுபோல் சுருங்காது. அதற்குப் பதிலாக விழித்திரைக்குள்ளேயே இடமாற்றம் நடக்கிறது: வெளிச்சம் வந்ததும் கூம்புகள் முன்னே வர, இரவுப் பார்வைக்கான கோல் செல்கள் கரிய நிறமிக்குள் ஒளிந்துகொள்கின்றன. இருட்டினால் மறுபடி எதிர்த்திசையில். இது முழுமையாக நடந்து முடிய அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நீங்கள் கொடுப்பது ஒரு நொடி!

என் வீட்டில் முதலில் சன்னல் திரை விலகும், பிறகு அறை விளக்கு, காப்பி குடித்து முடித்த பிறகுதான் தொட்டி விளக்கு. இரவில் இதே வரிசை தலைகீழாக. அவசரக்காரர்கள் மெல்ல மெல்லப் பிரகாசிக்கும் விளக்கு வாங்கலாம்.

கேள்வி: கண்ணில்லாத குகை மீனுக்கு ஒளி தெரியுமா?

பதில்: குஞ்சாக இருக்கும்போது தெரியும். மெக்சிகோ குகை மீனின் குஞ்சுகள் மேலே நிழல் விழுந்தால் மேல்நோக்கி நீந்துகின்றன. தலையிலுள்ள பினியல் உறுப்பு ஒளியை உணர்வதால் இது நடக்கிறது.

கேள்வி: என் நியான் டெட்ராக்கள் இரவில் வெளிறிப்போகின்றன. மருந்து கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நியான் டெட்ராவின் உடலில் மின்னும் அந்த நீலப்பட்டை சாயமல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கிய நுண்தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம். இருட்டில் அடுக்கின் இடைவெளி மாறுவதால் மங்கும். விளக்குப் போட்டு வெகுநேரமாகியும் நிறம் திரும்பவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள், அப்போதும் மருந்துப் புட்டிக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்.