கணக்கில் மட்டும் தவறிய மகனைப் பற்றி

சகோதரிக்கு வணக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தவறிய உங்கள் மகன், இனிப் படிக்கமாட்டேன், நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள்.

முதலில் துணைத் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். தேர்வு முடிவு வெளியான சில நாட்களிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அவன் படித்த பள்ளியிலேயே அதற்கு வழிகாட்டுவார்கள். தவறிய பாடத்தை மட்டும் எழுதி 35 மதிப்பெண் பெற்றால், இந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம்.

நம் பகுதியில் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று என்பது என் உறுதியான எண்ணம். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும் வருகிறது, பொதுத்தேர்வோ பங்குனியில் வருகிறது. திருப்புதல் தேர்வுகள் நடக்கும் அந்த வாரங்களில் களத்து வேலைக்குப் போகும் பையன் பாடத்தில் பின்தங்குகிறான், பின்தங்கியதால் வெட்கப்படுகிறான், வெட்கத்தால் பள்ளிக்கே வராமல் போகிறான். உங்கள் மகனும் அப்படி விடுப்பு எடுத்தானா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.

கூலி அவனை ஈர்க்கிறது என்றால், அரசுப் பள்ளியில் படித்தவன் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நாளையே அவனுடைய கணக்கு ஆசிரியரை நேரில் பாருங்கள்.