டர்போ காருக்கு எந்த ஆயில்? டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: கோவையில் 2018 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் (2.0 டிஎஸ்ஐ பெட்ரோல்) வைத்திருக்கிறேன். தினமும் ஆபீசுக்கு டவுன் ஓட்டம். மாதம் ஒருமுறை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாள்). வாரன்டி முடிந்துவிட்டது. "நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்கிறார் மெக்கானிக். மைலேஜுக்கு 0டபிள்யூ-20 என்கிறார் நண்பர். இன்னொருவர் ரேஸ் ஆயிலைத் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். எதை ஊற்றுவது?

பதில்: மூன்றுமே வேண்டாம். ஸ்கோடாவின் தாய்க் கம்பெனியான ஃபோக்ஸ்வேகனின் 502 00 தர அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் ஆயில் வாங்குங்கள். (டபிள்யூவுக்கு முந்தைய எண் குளிரில் ஆயிலின் கெட்டித்தன்மை, பிந்தையது சூட்டில்; எண் ஏற ஏறக் கெட்டி.) பிராண்ட் உங்கள் விருப்பம்.

வெயில் கணக்கை முதலில் பார்ப்போம். வெளியே 25 டிகிரியோ 38 டிகிரியோ, சூடேறிய இன்ஜினுக்குள் ஆயில் சுமார் 100 டிகிரியில்தான் சுற்றுகிறது. கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. கோவை வெயிலுக்கென்று தனி ஆயில் தேவைப்படுவதில்லை. 20டபிள்யூ-50இன் தொல்லை காலையில், முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். உங்கள் இன்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வால்வ் டைமிங் மாற்றும் அமைப்பு, டர்போ பேரிங் எல்லாமே ஆயில் வந்து சேர்வதை நம்பி இருக்கின்றன. கெட்டி ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இப்படிக் கெட்டி ஆயில் ஊற்றிய டர்போ கார்கள் காலையில் செயின் சத்தத்தோடு என்னிடம் வந்திருக்கின்றன. சரியான ஆயிலுக்கு மாறியதும் சிலவற்றில் சத்தம் நின்றது, சிலவற்றில் டென்ஷனரையே மாற்ற வேண்டியிருந்தது.

பிஎம்டபிள்யூ தன் பழைய எம்3க்கு 10டபிள்யூ-60 சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னது. 8,000 ஆர்பிஎம் சுற்றும் அந்த இன்ஜினுக்கு அது வேண்டியிருந்தது. உங்களுடையதன் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்பும் வேறு கணக்கில் செய்யப்பட்டவை.

0டபிள்யூ-20 இதற்கு நேரெதிர். ஃபோக்ஸ்வேகனின் 508 00 ஆயில் அந்த வகை. அதற்கென்றே வடிவமைத்த புது இன்ஜின்களுக்கு மட்டுமானது. இங்கே பார்க்க வேண்டிய எண் ஹெச்டிஹெச்எஸ். 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் படலம் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது. 508 00க்குக் குறைந்தபட்சம் 2.6 போதும், 502 00 குறைந்தது 3.5 கேட்கிறது. டிராக்கில் நான்காவது, ஐந்தாவது லேப்பில் ஆயில் கொதிக்கும்போது பேரிங்கைக் காப்பது இந்த வித்தியாசம்தான்.

ரேஸ் ஆயில் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ரேஸுக்கும் வடித்துவிடுவார்கள் என்ற எண்ணத்தில் செய்வது அது. கார் கம்பெனி அப்ரூவல் பெரும்பாலும் இருக்காது. மாதக்கணக்கில் டிராஃபிக்கில் ஊறுவதற்கு அதை நம்பி ஊற்ற மாட்டேன்.

இனி டின்னின் பின்பக்கம். "அப்ரூவல்: விடபிள்யூ 502 00" என்று இருந்தால், அந்த ஆயிலைச் சோதித்துக் கார் கம்பெனி ஒப்புதல் தந்திருக்கிறது. "சூட்டபிள் ஃபார்", "மீட்ஸ்" என்று இருந்தால் அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எதையும்விட இந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

கூடவே ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரும் எஸ்பி தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020இல் வந்த தரம் இது. டவுனில் ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், சிலிண்டருக்குள் ஒதுங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, ஸ்பார்க் வருமுன்பே பற்றிக்கொள்ளலாம். பிஸ்டனே உடையும் அளவுக்கு அடி விழும். ஆயிலில் அழுக்கு நீக்கச் சேர்க்கும் கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமானால் இந்த ஆபத்தும் அதிகம். எஸ்பி தர ஆயிலை இதற்கென்றே சோதிக்கிறார்கள். அதோடு கியரை இறக்கி மிதிக்கப் பழகுங்கள். அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஆயில் மாற்ற 15,000 கி.மீ. வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஓட்டத்துக்கு 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் ஆயிலோடு கலந்துகொண்டே இருக்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் தூக்கலாக இருந்தாலோ அளவு தானாக ஏறியிருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். ஃபில்டரும் ஒவ்வொரு முறையும் புதிதுதான்.

டிராக்குக்குப் போகுமுன் ஆயில் மேல்கோட்டை ஒட்டி இருக்கட்டும், தாண்ட வேண்டாம்; அதிகமானால் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். கடைசி லேப்பை நிதானமாக ஓட்டி, நிறுத்தியதும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடிய டர்போவைச் சூட்டோடு அணைத்தால், பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அதே ஆயிலில் ஒரு லிட்டர் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். இன்ஜினை ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது) செய்திருந்தால் அந்த விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், 5,000 கி.மீ.க்கே மாற்றச் சொல்வேன்.