இரண்டு விடைகளும் சரியாகத் தோன்றினால்: கேட் தேர்வு குறித்த வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பி.காம். இறுதியாண்டு மாணவி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். வரும் நவம்பரில் ஐஐஎம் எனப்படும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை எழுதவிருக்கிறேன். ஆங்கில உரைப்பகுதியைப் படிக்கும்போது பொருள் புரிகிறது. ஆனால் கேள்விக்கு வந்தால் நான்கு விடைகளில் இரண்டு சரியாகவே தோன்றுகின்றன, நான் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தவறாகிவிடுகிறது. வாசிப்பு வேகத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். உண்மைதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேகத்தைப் பற்றிய அந்த அறிவுரையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கேட் தேர்வின் முதல் பிரிவான ஆங்கிலப் பிரிவுக்கு 40 நிமிடங்கள். அண்மை ஆண்டுகளில் அதில் 24 கேள்விகள் இடம்பெற்று வருகின்றன. அவற்றுள் 16 கேள்விகள், நான்கு உரைப்பகுதிகளிலிருந்து பகுதிக்கு நான்கு வீதம் கேட்கப்படுபவை. ஓர் உரைப்பகுதியில் ஏறத்தாழ 500 சொற்கள் என்று கொண்டால் மொத்தம் 2000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொற்கள் என்ற நிதானமான வேகத்தில் படிப்பவருக்கு இதற்கு 10 நிமிடங்கள் ஆகும். அரும்பாடுபட்டு வேகத்தை 300 சொற்களாக உயர்த்தினாலும் மிச்சமாவது மூன்று நிமிடங்களும் சில விநாடிகளும்தான். நேரத்தைப் பெரிதும் விழுங்குவது நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டு விடைகளுக்கு இடையிலான தயக்கம். அந்தத் தயக்கம் தீராமல் உரைப்பகுதியை மீண்டும் முதலிலிருந்து படிப்பது. ஆகவே உங்கள் குறை வேகத்தில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

பொருள் புரிகிறது என்கிறீர்கள். வாக்கியங்களின் பொருள் புரிவது ஒன்று. அந்த வாக்கியத்தை யார் கருத்தாக, எதற்காக ஆசிரியர் அங்கே வைத்திருக்கிறார் என்று புரிவது வேறொன்று. தேர்வு சோதிப்பது இரண்டாவதை. ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். பின்வரும் செய்தியை உரைப்பகுதியாகக் கொள்ளுங்கள்:

“கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935-இல் ஹவாயிலிருந்து ஒரு வகைத் தேரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. வண்டுகளோ கரும்பின் மேற்பகுதியில் இருந்தன; தரையில் வாழும் தேரைக்கு அவை எட்டவில்லை. தேரைகள் பெருகின, அவற்றைத் தின்ற உள்நாட்டு விலங்குகள் அவற்றின் நஞ்சால் மடிந்தன. இயற்கையில் மனிதர் தலையிடக் கூடாது என்பதற்கு இதையே பலர் சான்று காட்டுகின்றனர். ஆயினும் அதே குயின்ஸ்லாந்தில் பெரும் நிலப்பரப்பை மூடியிருந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-இல் வயல்வெளிகளில் விடப்பட்ட ஓர் அந்துப்பூச்சி சில ஆண்டுகளுக்குள் அழித்துவிட்டது. அந்தப் பூச்சி மற்றப் பயிர்களைத் தின்னுமா என்பது முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருந்தது.”

ஆசிரியரின் மையக் கருத்து என்ன என்பது கேள்வி. விடைகள் இவை என்று வைத்துக்கொள்வோம். அ: தேரைகள் ஆஸ்திரேலிய விலங்குகளுக்குப் பெருங்கேடு விளைவித்தன. ஆ: முன்கூட்டியே சோதித்துவிட்டால் வேற்று நாட்டு உயிரினங்களைக் கொண்டுவருவதில் ஆபத்து இல்லை. இ: இத்தகைய முயற்சிகள் இயற்கைக்கு எதிரானவை. ஈ: தேரையின் தோல்வியை மட்டும் வைத்து உயிரினத்தைக் கொண்டு உயிரினத்தை ஒழிக்கும் இந்த வழிமுறை முழுவதையும் தள்ளிவிடுவது பொருந்தாது.

‘இ’ என்பது அந்தப் ‘பலர்’ கூறுவது. ஆசிரியர் அதை மறுப்பதற்காகவே எடுத்துவைக்கிறார். அவசரத்தில் படிப்பவர்கள் மற்றவர் கருத்தை ஆசிரியர் தலையில் கட்டிவிடுவார்கள். ‘அ’ முற்றிலும் உண்மை, உரைப்பகுதியிலும் இருக்கிறது, ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அது விடை அல்ல. இவ்விரண்டையும் நீங்கள் பெரும்பாலும் நீக்கிவிடுவீர்கள் என்று நம்புகிறேன். மாட்டிக்கொள்வது ‘ஆ’விலும் ‘ஈ’யிலும்தான். சோதனையைப் பற்றிய வாக்கியம் கடைசியில் வந்து மனத்தில் நிற்பதால் ‘ஆ’ கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் ஆசிரியர் காட்டியது ஒரே ஒரு வெற்றி; அதிலிருந்து ‘ஆபத்து இல்லை’ என்ற பொது விதியை அவர் உருவாக்கவில்லை, அதை உருவாக்கியவர் தேர்வுத்தாளைத் தயாரித்தவர். ‘ஈ’ அடக்கமான வாக்கியம். உரைப்பகுதி எவ்வளவு தாங்குமோ அவ்வளவே சொல்கிறது. சரியான விடை பல நேரங்களில் நான்கில் மிகவும் சுவையற்றதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி அதே உரைப்பகுதியில், எது உண்மையானால் ஆசிரியரின் வாதம் வலுவிழக்கும் என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? தேரைகள் மேலும் பல பகுதிகளுக்குப் பரவின என்ற செய்தி வலுவானதாகத் தோன்றினாலும் வாதத்தைத் தொடவே இல்லை. தேரை தோற்றது என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார். கள்ளி அழிந்ததற்குப் பூச்சி காரணம் அல்ல, வேறொரு நோய்தான் காரணம் என்று ஒரு விடை இருந்தால் அதுவே வாதத்தின் தூணை அசைக்கும். வாதம் எந்த வாக்கியத்தின் மேல் நிற்கிறது என்பதைப் படிக்கும்போதே கண்டுவைத்தவருக்கு இந்தக் கேள்வி அரை நிமிட வேலை.

பயிற்சிக்குப் புதிய புத்தகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. முந்தைய ஆண்டுகளின் உண்மையான கேள்வித்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உரைப்பகுதிக்கு விடையளித்த பிறகு, சரியான விடை ஏன் சரி என்பதைவிட, மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் தமிழிலேயே எழுதுங்கள்: “மற்றவர் கருத்து”, “உண்மை, ஆனால் கேட்கப்படவில்லை”, “ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் தாவுகிறது”, “உரையில் இல்லவே இல்லை”. சில வாரங்களில் நீங்கள் திரும்பத் திரும்ப விழும் பள்ளம் எது என்பது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும். கடினமான சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் செலவிடும் நேரத்தை இதற்குத் திருப்பிவிடலாம்; இன்றைய கேட் தேர்வில் சொற்பொருளை மட்டும் தனியாகக் கேட்பது அரிது.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கேள்விகளை முதலில் படித்துவிட்டு உரைப்பகுதிக்குச் செல்வது நல்லதா? விடை உறுதியாகத் தெரியாதபோது ஊகித்து எழுதலாமா, விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. தகவலைத் தேடும் கேள்விகளானால் முன்கூட்டிப் படிப்பது உதவும். கேட் தேர்விலோ பெரும்பாலான கேள்விகள் வாதத்தைப் பற்றியவை. அவற்றை முன்பே படித்தால் நான்கு கேள்விகளையும் தலையில் சுமந்துகொண்டு உரைப்பகுதிக்குள் வரி வரியாகத் துழாவத் தொடங்குவீர்கள். எந்த உரைப்பகுதியை முதலில் எடுப்பது என்பதற்குத்தான் ஓரிரு நிமிடங்களைச் செலவிட வேண்டும். அதையும் தலைப்பை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பொறியியல் படித்தவர்கள் தத்துவம் என்றால் ஓடுவதையும் அறிவியல் என்றால் பாய்வதையும் பார்க்கிறேன். பழகிய பொருளில் நமக்குத் தெரிந்ததை உரைக்குள் ஏற்றிவிடும் ஆபத்து அதிகம். முதல் பத்தியைப் படித்ததும் ஆசிரியர் எதை மறுக்கப்போகிறார் என்று தெரிகிறதா? தெரிந்தால் அதை எடுங்கள்.

ஊகத்தைப் பொறுத்தவரை கணக்கு தெளிவானது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். விடைத்தெரிவு உள்ள கேள்விகளில் தவறுக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். நான்கில் எதையும் நீக்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரி ஆதாயம் பூஜ்யம். இரண்டை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரியாக ஒரு மதிப்பெண் கிடைக்கும். எனவே அங்கே தயங்காமல் எழுதுங்கள். ‘உறுதியாக’ என்ற சொல்லை மட்டும் ஏமாற்றாதீர்கள். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிப்பு இல்லை. அவற்றை வெறுமையாக விடுவதற்குக் காரணமே இல்லை. இந்தப் பிரிவுக்கான 40 நிமிடங்கள் முடியும்வரை அடுத்த பிரிவுக்குப் போகவும் முடியாது, முடிந்தபின் திரும்பி வரவும் முடியாது. ஆகவே மிஞ்சும் நேரத்தை ஐயமுள்ள விடைகளுக்கே செலவிடலாம்.

கேள்வி: தமிழ் நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரைகளைப் படிப்பதால் இத்தேர்வுக்குப் பயன் உண்டா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு, ஓர் எல்லை வரை. ஆசிரியர் எங்கே மற்றவர் கருத்தைச் சொல்கிறார், எங்கே ‘ஆனால்’ என்று திரும்புகிறார், முடிவை எந்தச் சான்றின் மேல் வைக்கிறார் என்று கவனிக்கும் பழக்கத்தைத் தமிழில் பெறுவது எளிது. அந்தப் பழக்கம் மொழி மாறினாலும் உடன் வரும். ஆனால் ஆங்கிலத்தில் ஐந்தாறு வரிகள் நீளும் ஒரு வாக்கியத்தின் எழுவாயை விடாமல் பிடித்துக்கொண்டு போகும் திறனைத் தமிழ்க் கட்டுரை தராது. நாளுக்கு ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையை, உங்களுக்குப் பழக்கமில்லாத பொருளில், அகராதியைத் திறக்காமல் இறுதிவரை படியுங்கள். முடித்ததும் ஆசிரியர் யாரை மறுத்தார், எதைக் கொண்டு மறுத்தார் என்பதை இரண்டு வரிகளில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அன்று வேறு கட்டுரைக்குப் போகாமல் அதையே மறுபடி படியுங்கள்.